ஒரு டம்ளர் மழை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று திட்டக்கூடாது. இந்தக் கதை ஒரு ஜெராக்ஸ் கடையில் பிறந்தது. என் கடைதான். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் நடந்தால் டீக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன். மதியம் கூட்டம் குறைந்தால் கதை எழுதுவேன். நான்கு பத்திரிகைகளில் வந்திருக்கிறது. ஐந்தாவது பத்திரிகையை என் கதை வருவதற்குள் மூடிவிட்டார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் தமிழினி ஒரு பென் டிரைவோடு வந்தாள். சென்னையில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை, புள்ளியியல் படித்தவள், வயது இருபத்தேழு. "அக்கா, இதைத் தமிழ்ல எழுதித் தரணும். எங்கம்மாவுக்குப் புரியணும், அதான் டெஸ்ட்டு" என்றாள். உள்ளே இங்கிலீஷில் பத்தொன்பது பக்க ஒப்பந்தம் இருந்தது.

எழுதிக் கொடுத்தேன். ஆக, ஒரே விஷயத்தைப் பற்றி நான் எழுதியவை இரண்டு: அந்த ஒப்பந்தம், இந்தக் கதை. ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியத்தை ரொம்ப நன்றாக எழுதிவிட்டேன். அதுதான் வினை. ஐந்தாம் பகுதியில் வரும், தாவிப் போய்ப் படிக்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் அன்று ஒரு மேகமும்—'

வேண்டாம். கோட்டையில் ஆரம்பித்தால் டூரிஸ்ட் நோட்டீஸ் ஆகிவிடும்.

இரண்டாம் முயற்சி: 'காப்பீடு என்பது மனித குலத்தின் ஆதி அச்சம் ஒன்றின்—'

ஐயே.

மூன்றாம் முயற்சி: 'காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு, துளி மேகம் இல்லாத வானத்தின் கீழ், 6.2 மில்லிமீட்டர் மழை பெய்தது.'

ஆகா! இது வாக்கியம். எழுதிவிட்டு நானே எழுந்து நின்றேன். ஆனால் இதை இப்போதே போட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. அந்தப் பெண்கள் என்ன கட்டினார்கள் என்று தெரிந்தால்தான் எது இடிந்தது என்று தெரியும். இந்த வாக்கியத்தைக் கையில் வைத்திருங்கள். பிறகு வாங்கிக்கொள்கிறேன்.

3

கட்டியது இதுதான்.

வழக்கமாகப் பயிர் காய்ந்தால் யாராவது வந்து பார்க்க வேண்டும். வருவார், பேனாவோடு வரப்பில் நிற்பார், முக்கால்வாசி காய்ந்ததைக் கால்வாசி என்று எழுதுவார். இந்தப் புது வகைக் காப்பீட்டில் யாரும் வரமாட்டார்கள். மொட்டைமாடியில் ஒரு மழைமானி இருக்கும். ஒப்பந்தத்தில் ஓர் எண் இருக்கும். மழைமானி அந்த எண்ணைத் தொட்டால் பத்து நாளில் பணம் பேங்கில் விழும். விண்ணப்பம் இல்லை, போட்டோ இல்லை, 'சார் கொஞ்சம் பார்த்துப் போடுங்க' இல்லை.

'பாராமெட்ரிக்' என்று தமிழினி சொன்னாள். எனக்கு அந்தப் பெயர் முக்கியமில்லை. எண்ணைத் தொட்டால் கதவு திறக்கும் என்பது எவ்வளவு நல்ல கதை! மனிதர்களே கதவில் கை வைக்க முடியாத கதை! சிலிர்த்துப்போனேன்.*

* இந்தச் சிலிர்ப்பை நினைவில் வையுங்கள். எட்டாம் பகுதியில் வெட்கப்படுவேன்.

தமிழினியின் அம்மா அமிர்தவல்லி, அனந்தபுரம் பக்கத்து ஊர். (ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே யாராவது வந்து 'எங்களப் பத்தி எழுதினியாமே' என்பார்கள்.) முப்பது வருடம் பிறத்தியார் நிலத்தில் களை எடுத்தவர். இரண்டு வருடம் முன்பு, மகளிர் குழுவில் நாற்பத்துமூன்று பேர் சேர்ந்து மானாவாரி நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. ஆடியில் மல்லாட்டை போட்டார்கள், அதாவது வேர்க்கடலை. இனிக் கூலி இல்லை, சொந்தப் பயிர். ஒரு பருவம் மழை ஏமாற்றினால் தையில் குத்தகையை விட வேண்டியதுதான். திரும்பவும் அடுத்தவர் வரப்பில் நிற்க வேண்டும். இந்தக் கதையில் போகக்கூடியது அந்தக் குத்தகைதான், வேறெதுவும் இல்லை.

குழுக் கட்டடத்தில் சார்ட் பேப்பர் ஒட்டி, தமிழினி முதல் வடிவமைப்பைச் சொன்னாள். புரட்டாசியில் மொத்த மழை இவ்வளவுக்குக் கீழே போனால் பணம்.

அமிர்தவல்லி கேட்டார்: "மொத்தமா பெஞ்சா இன்னாடி? ஒரே நாள்ல கொட்டிட்டு மிச்ச நாளெல்லாம் காஞ்சா மொத்தம் சரியாத்தான் இருக்கும். செடி இருக்குமா?"

தமிழினி ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சார்ட்டைக் கிழித்தாள். மூன்று மாத வேலை! கிழித்துவிட்டுச் சிரித்தாள்.

சரி, தொடர்ந்து எத்தனை நாள் காய்ந்தால்? வள்ளியம்மாள் பதினைந்து என்றார். குழுவில் குரல் பெரியவர் அவர்தான். "விழுது மண்ணுல எறங்கிக் காய் புடிக்கற நேரம், பதினஞ்சே ஜாஸ்தி." பதினைந்துக்குப் பிரீமியம் எகிறியது. இருபதில் நின்றது. அடுத்த சண்டை: எது மழை நாள், எது காய்ந்த நாள்? இரண்டரை மில்லிமீட்டர் பெய்தால் மழை நாள் என்று தமிழினி சொன்னாள்.

"ரெண்டரை மில்லின்னா எம்மாம்?"

தமிழினி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். வள்ளியம்மாள் விரலை வைத்துப் பார்த்தார். "இது தூசி அடங்கற மழ. இதுக்குப் போயி எண்ணிக்கை ஒடஞ்சிடுமா? தூசி மழைக்கும் ஒழவு மழைக்கும் வித்தியாசம் தெரியாத மெஷினா இது?"

அன்று சாயங்காலம் தமிழினி என் கடையில் உட்கார்ந்து முப்பது வருட மழைக் கணக்கை லேப்டாப்பில் ஓட்டினாள். இரண்டரையை ஐந்தாக்கினால் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்று. கரண்ட் போனது, வந்தது, போனது. கடைசியில் "அக்கா! நிக்குதுக்கா!" என்று கத்தினாள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தூசி மழையை டிசைன்ல சேத்துட்டேன்! உலகத்துலயே எங்க ஆளுங்க டிசைன்லதான் தூசி மழை இருக்குது!"

உலகம் முழுவதும் தேடிப் பார்த்துச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

4

இங்கே ஒரு வில்லன் வேண்டும். தமிழினியின் மேனேஜர் பார்த்திபனை வைத்திருந்தேன். ஏசி அறை, தங்க பிரேம் கண்ணாடி, 'ரூல்னா ரூல்தான்' என்று ஒரு வசனம். ஒன்றரைப் பக்கம் எழுதி, ரசித்து ரசித்துத் திட்டி வைத்திருந்தேன். ஆனால் நிஜத்தில் அந்த ஆள் இரண்டு வாரம் மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி ஐந்து மில்லிமீட்டருக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். வில்லனே நல்லவனாகி என் கதையைக் கெடுத்தால் நான் என்னதான் செய்வது?

ஒன்றரைப் பக்கத்தை அடித்துவிட்டேன். ஏழாம் பகுதியில் அவர் இன்னும் நல்லவராக வருவார். அப்போதுதான் பிரச்சினை பெரிதாகும்.

5

அந்த வாக்கியம் இதுதான். ஒப்பந்தம், பிரிவு பதினான்கு, தமிழில் நான்:

'மழைமானியை எவரேனும் தொட்டாலோ, மூடினாலோ, நகர்த்தினாலோ, அதனுள் நீரோ பிறிதோ இட்டாலோ, அந்தப் பருவத்துக்கான ஒப்பந்தம் முழுவதும் ரத்தாகும்.'

'பிறிதோ' என்று போட்டதற்காக அன்று எனக்கு நானே ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன். கூட்டத்தில் இதை வாசித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயம்தானே? மேலே பாலிதீன் கவரைப் போட்டு மூடினால் பெய்யும் மழையும் பெய்யாததாகிவிடும். அந்தத் திருட்டுக்குத்தான் அந்தப் பிரிவு. மொட்டைமாடிச் சாவி அமிர்தவல்லியிடம் இருந்தது.

ஆவணியில் நல்ல மழை. புரட்டாசி பிறப்பதற்குச் சில நாள் முன்பு நின்றது. பத்து நாள். பதினான்கு நாள். செடி பகலில் தலை தொங்கி, ராத்திரியில் கொஞ்சம் நிமிர்ந்து, பிறகு நிமிரவே இல்லை. தமிழினிக்கு வினோதமான நிலைமை. அம்மாவின் பயிர் சாகிறது என்று அழுகை வரும். எண்ணிக்கை ஓடுகிறது என்று கை பரபரக்கும். "அக்கா, இது வேலை செஞ்சிடும்க்கா" என்பாள், உடனே நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

பத்தொன்பது நாள் முடிந்தது. இருபதாவது நாள் ஆயுத பூஜை. மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரையிலிருந்து எட்டரை, அதனால் மறுநாள் காலை எட்டரைக்கு எண்ணிக்கை முடியும். லீவில் வந்திருந்த தமிழினி என் கடையில் பொரி தின்றுகொண்டிருந்தாள். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன், உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான்.* அவள் போன் டிங் என்றது, மழைமானியிலிருந்து செய்தி.

இப்போது அந்த வாக்கியத்தைக் கொடுங்கள்.

காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு, துளி மேகம் இல்லாத வானத்தின் கீழ், 6.2 மில்லிமீட்டர் மழை பெய்தது.

* தண்ணீர் படக்கூடாது என்று எனக்குத் தெரியும். கரண்ட் மெஷின். ஆனால் மொட்டைமாடியில் வெயிலில் காய்வதற்கும் மழையில் நனைவதற்குமென்றே வைத்த மெஷினைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது என்று யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள்?

6

தமிழினி ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தாள். வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். நான் ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன்.

குழுக் கட்டடத்து மொட்டைமாடியில் கதிர் அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், தராசு எல்லாம் வரிசையாக. நடுவில் மழைமானி. வெள்ளை உடம்பில் மூன்று பட்டை சந்தனம், குங்குமம், கழுத்தைச் சுற்றிச் சாமந்தி மாலை. இவ்வளவு அழகான மழைமானியை நான் பார்த்ததே இல்லை.

"வாங்க கடைக்காரம்மா, பொரி எடுத்துக்கோங்க" என்றார் அமிர்தவல்லி.

"யம்மா, இதுல தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தாம? காக்கா எச்சம் போட்டு வெச்சிருந்துச்சி. நாளைக்கி நமக்குச் சோறு போடப் போற பொருளு, அப்பிடியேவா பொட்டு வைக்கறது?"

"எவ்ளோ ஊத்துன?"

"ஒரு டம்ளரு."

தமிழினி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மழைமானியின் மேலே இருக்கும் புனலின் வாய் ஒரு சாண் அகலம். உள்ளே பார்க்கில் இருக்கும் சீசா பலகை போல இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்று நிரம்பியதும் டக் என்று கவிழும், கவிழ்வதை மெஷின் எண்ணும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு முப்பத்தோரு டக். அதாவது 6.2 மில்லிமீட்டர். தூசி மழை அல்ல, ஐந்தைத் தாண்டிய மழை. எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விட்டது.

தமிழினி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அமிர்தவல்லி மெல்லக் கேட்டார்: "அப்பிடின்னா நானேதான் மழ பெய்ய வெச்சிட்டனா?"

வள்ளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "செடி கேட்டப்ப பெய்ய வெக்கத் தெரியல, மெஷினுக்கு மட்டும் பெய்ய வெச்சிட்டியே, மகராசி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. தமிழினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எல்லாத் திருட்டையும் யோசிச்சேன்க்கா. பூசைய யோசிக்கல."

(ஒரு வரைவில், தண்ணீர் ஊற்றியது யாரோ வெளியூர்க்காரர் என்று மாற்றிப் பார்த்தேன். அமிர்தவல்லியைக் காப்பாற்றத்தான். படித்துப் பார்த்தால் கதை செத்துக் கிடந்தது. மன்னித்துவிடுங்கள் அக்கா, நீங்கள்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது.)

7

பூஜை முடிந்த நான்காம் நாள் நிஜ மழை பெய்தது. செத்த செடிமேல் பெய்தது. இனி எண்ணிக்கைக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

பார்த்திபன் போன் செய்தார். தமிழினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தமிழினி, டேட்டாவைப் பாத்தேன். அன்னிக்கு சுத்துவட்டாரத்துல எங்கயுமே மழை இல்ல. கருவிக் கோளாறுன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பு. நான் பாஸ் பண்ணிடறேன். வேற எதையும் எழுதாத, புரியுதா?"

யாரோ தண்ணீர் ஊற்றியது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னார். உண்மையை எழுதினால் பிரிவு பதினான்கு: நீர் இட்டாயிற்று, ஒப்பந்தம் ரத்து. எழுதாமலே விட்டால் மழை பெய்ததாகக் கணக்கு, பணம் இல்லை. கருவி கெட்டுப்போனது என்று இரண்டு வரி எழுதினால் நாற்பத்துமூன்று பேருக்கும் பணம், தையில் குத்தகை.

சொன்னேனே, இன்னும் நல்லவராக வருவார் என்று.

8

ஏழாம் நாள் காலை பத்துப் பதினைந்து பேர் என் கடைக்குள்ளும் மீதிப் பேர் ரோட்டிலுமாக நின்றார்கள். டீக்கடையில் அன்று நல்ல வியாபாரம். நான் கம்ப்யூட்டரில் கடிதத்தைத் திறந்து, 'அன்புடையீர்' என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு வரிதான?" என்றார் வள்ளியம்மாள். "எழுதிட்டுப் போவலாம். காஞ்சது பொய்யா? செடி செத்தது பொய்யா? அதுக்குக் கேட்டா அது இன்னா திருட்டா?"

அவர் சொன்னது நியாயம். என் விரல் 'க' மீது இருந்தது. 'கருவிக் கோளாறு' அங்கிருந்துதான் தொடங்கும்.

அமிர்தவல்லி வாசலில் நின்றுகொண்டு பேசினார். "காஞ்சது நெசந்தான். மெஷினு கெட்டுப்போச்சுன்றது நெசமா? நான் ஊத்துனன், அது எண்ணுச்சி. ஒழுங்காத்தான் எண்ணுச்சி. பொட்டு வெச்சிக் கும்புட்டுட்டு அது மேலயே பழியப் போடுவனா?"

"அதுக்கு வலிக்கவா போவுது?"

"வலிக்காது. ஆனா அடுத்த வருசம் இருவது நாளு வெய்யிலுன்னு அது சொல்லும். 'போன வருசம் கெட்டுப்போன மெஷினுதான, எப்பிடி நம்பறது'ன்னு அவங்க ஆளு அனுப்புவாங்க. பேனா வெச்சிக்கினு ஒருத்தரு வந்து வரப்புல நிப்பாரு. அவரு எதுர்ல மறுபடி கை கட்டி நிக்கணும். அது வேணாம்னுதான இவ்ளோ பாடுபட்டோம்?"

தமிழினி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பத்தொன்பது பக்கத்தின் சாரத்தை அம்மா நான்கு வரியில் சொல்லிவிட்டார். மனிதர்களே கை வைக்க முடியாத கதை என்று நான் சிலிர்த்தேனே, அதற்கு இப்போது வெட்கப்பட்டேன். கை வைத்திருக்கிறார்கள், துடைத்திருக்கிறார்கள், மாலை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் அது அவர்களுடைய மெஷின்.

"குத்தகை எனக்கு மட்டும் போவறதுன்னா அன்னிக்கே எழுதியிருப்பன்" என்றார் அமிர்தவல்லி. "உங்க எல்லாருக்கும் போவுது. அதான் ஒரு வாரமா சோறு எறங்கல. நீங்க சொல்லுங்க, நான் கேக்கறன்."

வள்ளியம்மாள் ரோட்டில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவலூர்பேட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"எழுது கடைக்காரம்மா" என்றார். "உள்ளத உள்ளபடி எழுது. ஆனா ஊத்துனவ பேரு போடாத. நாப்பத்திமூணு பேரும் ஊத்துனோம்னு போடு."

"ஏ, நான்தான—"

"சும்மா இருடி. பூச எல்லாரும் சேந்துதான போட்டோம்? பொரி எல்லாரும்தான தின்னோம்?"

கடிதத்தில் நான் 'வறண்ட வானத்தின் கீழ் எங்கள் நம்பிக்கையே நீராகி' என்று ஒரு வரி சேர்த்தேன். வாசித்துக் காட்டியதும், "அதெல்லாம் வேணாம், எடு" என்றார்கள். எடுத்துவிட்டேன். நாற்பத்துமூன்று கையெழுத்து, மூன்று தாள். அந்தக் கடிதத்தில் இருக்கும் ஒரே கற்பனை, எல்லோரும் ஊற்றினோம் என்பதுதான். அதுவும் என்னுடையதல்ல.

9

இனி முடிவு.

முடிவு அ: கம்பெனியில் கடிதத்தைப் படிக்கிறார்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்கள், பணம் போடுகிறார்கள். (எழுதிப் பார்த்தேன். டிவி விளம்பரம் மாதிரி இருந்தது.)

முடிவு ஆ: ரத்து. தையில் குத்தகை போகிறது. அமிர்தவல்லி மறுபடி களைக்கொத்தை எடுக்கிறார். நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் காபி போடப் போகிறீர்கள். (அவ்வளவு சுலபமாக உங்களை விடுவதாக இல்லை.)

முடிவு இ: 'அன்று மாலை தமிழினியின் போன் மறுபடி டிங் என்றது. அவள் திறந்து—'

இல்லை. ஒலிக்கவில்லை. கடிதம் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. 'மேலே அனுப்பியிருக்கேன், நானும் ஒரு குறிப்பு எழுதியிருக்கேன்' என்று பார்த்திபனிடமிருந்து ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். தமிழினி சும்மா இருக்கிறாளா என்றால், லீவை நீட்டிக்கொண்டு என் கடையில் உட்கார்ந்து அடுத்த வடிவமைப்பு போட்டுக்கொண்டிருக்கிறாள். மழைமானிக்கு ஒரு சாவி. ஆயுத பூஜை அன்று காலை ஒரு மணி நேரம் திருப்பி வைத்தால் மெஷின் எண்ணாது, எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். "டிசைன்ல பூசையையும் சேத்துட்டேன்க்கா!" என்று இன்று மத்தியானம் கத்தினாள். டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வடிவமைப்புக்கு நிலம் மிஞ்சுமா என்பதுதான் தெரியாது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. கம்பெனி நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மூன்று தாள் உங்கள் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் பிரிவு பதினான்கு இருக்கிறது. பிழையே இல்லாத வாக்கியம் அது. எழுதியவளைக் கேட்டால், அது கவர் போட்டு மூடுகிறவர்களுக்காக எழுதியது என்பாள். ஆனால் எழுதியவளை யாரும் கேட்பதில்லை.

இந்தக் கதைக்கு மட்டும் நான் ஒரு பிரிவு எழுதிக்கொள்கிறேன். இதுதான் கடைசி:

'இந்தக் கதையை எவரும் தொடலாம். நகர்த்தலாம். துடைத்துப் பொட்டு வைக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரும் ஊற்றலாம். ரத்தாகாது.'